ஐம்பத்தெட்டு முறை அடித்த மணி

கரண்ட்காரர் தன் வாழ்நாளில் எத்தனையோ வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். சொந்த வீட்டிலேயே காலிங் பெல்லைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, வாசலில் யாராவது பெல்லை அழுத்தினால் சமையலறையில் மிக்ஸி ஓடும்படி செய்தவர். "விருந்தாளி வந்தா நான் கதவைத் திறக்க ஓடறதா, மிக்ஸியை நிறுத்த ஓடறதா?" என்று மனைவி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் ஒரு வயரை மாற்றிக் கொடுத்து ஒரு மனுஷியையே சாகடித்தது அந்தச் சனிக்கிழமைதான் முதல் தடவை. அதுவும் சொந்தச் சித்தியை.

சித்தி கன்னியர் மடத்தில் இருந்தார். ஒரு காலத்தில் நூற்று நாற்பது சகோதரிகள் இருந்த மடம். இப்போது பதினொரு பேர். மணி அடிக்கிற சகோதரிக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது, கயிற்றைப் பிடித்து இழுக்க வேறு தோள் எதுவும் மிச்சமில்லை. ஆகவே, மாறிவரும் உலகத்துக்கு ஏற்ப, தானாக அடிக்கும் மணிப்பெட்டி ஒன்றை வாங்கினார்கள். மாட்டிக் கொடுக்க வந்தவர் நம் கரண்ட்காரர்.

பெட்டியில் மூன்று பொத்தான்: செபம், சாப்பாடு, சாவு. செப மணி மூன்று முறை. சாப்பாட்டு மணி விடாமல், பசித்தவர்கள் அடிக்கிற மாதிரி. சாவு மணி ஐந்து விநாடிக்கு ஒன்று. அதில் ஒரு கணக்கு உண்டு. இறந்த சகோதரி துறவு வார்த்தைப்பாடு கொடுத்து எத்தனை வருஷம் ஆகிறதோ அத்தனை முறை அடிக்கும்படி எண்ணைக் குறிக்க வேண்டும்; குறிக்காவிட்டால் ஓயாது. கேட்டவர்கள் இருந்த இடத்திலேயே முழந்தாளிட்டு எண்ண வேண்டும். மணி ஓயும்வரை எழக்கூடாது, பேசக்கூடாது.

பகல் பன்னிரண்டு மணிச் செபத்துக்கு நேரம் குறித்து வைத்துவிட்டு, சுத்தியல் ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்கக் கரண்ட்காரர் கோபுரத்தின் மேலே ஏறி நின்றார். சுத்தியல் விழுந்தது. மெதுவாக, கம்பீரமாக. 'நம்ம வேலையாச்சே' என்று அவருக்கே மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது. நான்காவது அடிக்கும் ஓயாதபோதுதான் கீழே ஓடினார். நூற்றுப் பன்னிரண்டு படி. தொப்பையோடு இறங்கி வந்தால் கோபுரத்தின் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டிருந்தது. தட்டினார், கத்தினார். கதவிடுக்கில் பார்த்தால் வெளியே முற்றத்தில் சகோதரிகள் முழந்தாளிட்டு இருக்கிறார்கள். அவர் கத்துவது எல்லார் காதிலும் விழுந்தது. ஆனால் சாவு மணிக்கு நடுவில் எழுந்து கதவைத் திறக்கச் சட்டம் இல்லை. கடைசியில் சுவரோரம் ஓடிய வயரைப் பார்த்து, இடுக்கியால் வெட்டினார். மணி நின்றது. அதே வயர் மேலேயும், அவர் நின்ற இடத்துக்கு அரை அடி தள்ளி, ஓடியது என்பது மறுநாள்தான் அவருக்கு உறைத்தது.

மொத்தம் ஐம்பத்தெட்டு அடி.

செயலர் சகோதரி எழுந்து போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். ஐம்பத்தெட்டு வருஷ வார்த்தைப்பாடு உள்ளவர் ஒரே ஒருவர்தான்: சமையலறைச் சகோதரி. மரண அறிவிப்புக்கான சுற்றுமடல் ஏற்கெனவே தயாராக இருந்தது. பெயருக்கும் வருஷத்துக்கும் மட்டும் கோடு விட்டிருந்தது. நிரப்பி, முப்பத்தோரு மடங்களுக்கு மின்னஞ்சலில் தட்டிவிட்டார். ஆறு நிமிஷம். சமையலறைக்கு ஒரு புதுக் கத்தி வேண்டும் என்ற கடிதம் அதே மேசையில் பதினோரு வருஷமாக இருக்கிறது. மடம் எல்லாவற்றிலும் மெதுவானது என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது.

யாரோ கோபுரக் கதவைத் திறந்து விஷயத்தைச் சொன்னதும், கரண்ட்காரர் மூச்சிரைக்கச் சமையலறைக்கு ஓடினார். சித்தி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. கண் பார்க்காததை விரல் பார்த்தது. குவளையில் தண்ணீர் ஊற்றினால் விளிம்பில் ஒரு விரலை வைத்துத்தான் நிறைந்ததைத் தெரிந்துகொள்வார்.

"யாருடா போனது? ஐம்பத்தெட்டு எண்ணினேன்."

"நீங்கதான் சித்தி."

சித்தி கொஞ்சம் யோசித்தார். "அப்படியா? சரி, அந்த அடுப்பைக் குறைச்சு வை. சூப்பு பொங்குது."

"சித்தி, விளையாடாதீங்க. வியாழக்கிழமை உங்களுக்கு ஆபரேஷன்."

 கண் ஆஸ்பத்திரியில் பதினோரு மாதம் காத்திருந்து வாங்கிய தேதி. இன்னும் தள்ளிப்போட்டால் பார்வை திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். மடத்தை விட்டு வெளியே போக, மடத்தின் தலைவியான மதர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் கேட்டு, கடைசியில் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாக மதர் சொல்லியிருந்தார்.

மதர் நல்ல மனுஷி. யார் மனத்தையும் நோகடிக்கக் கூடாது என்பதற்காக எந்த விஷயத்திலும் முடிவே எடுக்காதவர்.

"மதர், தப்பு என்னோடது. செப வயரையும் சாவு வயரையும் மாத்திக் குடுத்துட்டேன். சுற்றுமடலைத் திருப்பி வாங்கிடுங்க. கடிதத்துல கையெழுத்துப் போட்டுடுங்க. அவ்வளவுதான்."

மதர் அவரைக் கனிவோடு பார்த்தார். "தப்புன்னு ஏன் சொல்றீங்க? ஒரு மணி அடிச்சா அதுக்குள்ள ஒரு அழைப்பு இருக்கும்."

"அதுக்குள்ள இருந்தது சிவப்பு வயரு மதர். பச்சை இருக்க வேண்டிய இடத்துல."

மதர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். நான்கு கட்டம்: சேர்ந்தது, வார்த்தைப்பாடு, விலகியது, இறந்தது. "பாருங்க. இருநூறு வருஷப் பதிவேடு. இதுல தப்புன்னு எழுத ஒரு கட்டம் இருக்கா?"

"ஒரு கோடு போட்டா கட்டம் ஆயிடுமே."

மதரின் குரல் தணிந்தது. "கோடு போடறது சுலபம் தம்பி. அப்புறம் அந்தக் கட்டம் காலியா இருக்கேன்னு ஒவ்வொருத்தரும் கேப்பாங்க. நூத்து நாற்பது பேர் எப்படிப் பதினொண்ணு ஆனாங்கன்னு கேப்பாங்க. அதையெல்லாம் எந்தக் கட்டத்துல எழுதறது?" சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது போகட்டும். இறந்தவங்களுக்கு வெளிய போக அனுமதிக் கடிதம் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. நீங்க திருச்சபைச் சட்டம் படிச்ச ஃபாதரைப் பாருங்க."

சட்டம் படித்த ஃபாதர் திங்கட்கிழமைதான் கிடைத்தார். மூன்று சுவரிலும் புத்தகம், நான்காவது சுவரில் அவருடைய பட்டங்கள்.

"ஃபாதர், ஒரே ஒரு கேள்வி. என் சித்தி உயிரோட இருக்காங்களா, இல்லையா?"

"எந்த அர்த்தத்துல கேக்கறீங்க?"

"மூச்சு விடற அர்த்தத்துல."

"அது மருத்துவக் கேள்வி. நம்ம கையில இல்ல." ஃபாதர் விரல்களைக் கோத்துக்கொண்டார். "உடல் உயிரோட இருக்கறது ஒரு நிலை. உறுப்பினரா உயிரோட இருக்கறது இன்னொரு நிலை. ரெண்டும் பொதுவா ஒத்துப்போகும். ஒத்துப்போகலேன்னா ஆவணத்தைத்தான் பாக்கணும். ஆளை மட்டும் வச்சு முடிவு செஞ்சா ஆளுக்கு ஆள் மாறும் இல்லையா?"

"ஃபாதர், அவங்க இப்ப கிச்சன்ல மதியச் சாப்பாடு பண்ணிட்டு இருக்காங்க."

"ரொம்ப நல்ல விஷயம். சேவை மரணத்தோட முடியறதில்லன்னு நாங்க எப்பவும் சொல்றதுதான்."

 ஷாக் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று கரண்ட்காரருக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

"அதோட," என்றார் ஃபாதர், கதவு வரை வந்து வழியனுப்பியபடி, "மாறிவரும் உலகத்துல திருச்சபை என்ன செய்யணும்னு ஒரு ஆணைக்குழு இருக்கு. நாளைக்கு உங்க சித்தி மடத்துலதான் கூடுது. உங்க விஷயம் அதுல வரும். மணி, மின்சாரம், உங்களை மாதிரிப் பொதுநிலையினர் மூணும் ஒரே சம்பவத்துல இருக்கு பாருங்க. இந்த மாதிரி அமையறது அபூர்வம்."

இதற்குள் மடத்தில் வேலைகள் மளமளவென்று நடந்திருந்தன. உணவறையில் நூற்று நாற்பது நாற்காலி அப்படியே இருக்கும். மூப்பு வரிசைப்படி அவரவர் இடத்தில்தான் உட்கார வேண்டும் என்பதால், பதினொரு பேரும் மூலைக்கு ஒருவராகச் சிதறி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். உப்பு கேட்டால் உப்பு நடந்துதான் வர வேண்டும். சித்தி இறந்ததும் அவருடைய இடம் மூப்பில் அடுத்தவருக்கு உரியதாயிற்று. ஜன்னலோர நாற்காலி செயலர் சகோதரிக்கு வந்தது. முப்பது வருஷம் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவர், இப்போது அதன் வழியாகப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். யாராவது சுற்றுமடலைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருக்குக் காது கேட்காமல் போனது.

சித்தியின் அறை ஆணைக்குழுவின் அலுவலகம் ஆயிற்று. 'மாறும் உலகம்' என்று கதவில் அட்டை தொங்கியது. சித்தியின் கட்டிலைக் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே போட்டார்கள். சமையல் மட்டும் அவரிடமே இருந்தது. இறந்தவருடைய இடத்துக்கு வர எல்லாரும் தயார். இறந்தவருடைய வேலைக்கு வரத்தான் ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை பெரிய மதர் வந்தார். முப்பத்தோரு மடங்களுக்கும் தலைவி. கையில் மலர்வளையம். காலையில் நினைவுத் திருப்பலி, பதினொன்றுக்கு ஆணைக்குழு, ஒரு மணிக்கு விருந்து. விருந்துக்கு முப்பது பேர். சமைப்பது இறந்தவர்.

ஆணைக்குழு அறையில் நாற்காலிக்கு ஒரு அட்டை வைத்திருந்தார்கள். 'இளைஞர்' என்ற நாற்காலியில் அறுபத்தேழு வயதுச் சகோதரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். இருப்பவர்களில் அவர்தான் இளையவர். 'ஏழைகள்' என்ற நாற்காலி காலி. அழைப்பு அனுப்பினார்களாம், முகவரி சரியில்லை என்று திரும்பி வந்துவிட்டதாம். 'உலகம்' என்ற நாற்காலியில் கரண்ட்காரரை உட்காரச் சொன்னார்கள்.

"நான் வயர் வேலை பாக்கறவங்க," என்றார் கரண்ட்காரர்.

"உட்காருங்க உலகம்," என்றார் செயலர் சகோதரி.

பெரிய மதர் எழுந்தார். தாள் எதுவும் இல்லாமல், மனப்பாடமாக, கண்ணை மூடிப் பேசினார்.

"அன்புக்குரியவர்களே, உலகம் மாறுகிறது. இதை நாம் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அறுபது வருஷமாகக் கவனித்துக்கொண்டிருக்கிறோம். உலகம் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது. அது என்ன கேள்வி என்று அறிய ஒரு குழு அமைத்தோம். குழு அறிக்கை தந்தது. அறிக்கையைப் புரிந்துகொள்ள இன்னொரு குழு அமைத்தோம். அந்தக் குழுவில் இருந்தவர்கள் இறைவனடி சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் குறிப்புகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். நாம் ஏழைகளிடம் போக வேண்டும். அதில் இரண்டு கருத்தே இல்லை. எந்தக் கதவு வழியாகப் போவது என்பதில்தான் இரண்டு கருத்து. நாம் அதிகாரம் செலுத்த வந்தவர்கள் அல்ல, பணிவிடை செய்ய வந்தவர்கள்..." இந்த இடத்தில் கண்ணைத் திறந்து, "இந்த ஜன்னலை யாராவது சாத்துங்க, நான் எத்தனை தடவை சொல்றது?" என்றார். மூன்று பேர் எழுந்து ஓடினார்கள். கண்ணை மூடித் தொடர்ந்தார். "...கேட்பதே நம் முதல் கடமை. ஆகவே இன்று உலகம் பேசும். இரண்டு நிமிஷம்."

கரண்ட்காரர் எழுந்தார்.  

"நான் தப்பு பண்ணிட்டேங்க. வயரை மாத்திட்டேன். அதனால சாவு மணி அடிச்சிருச்சு. சித்தி சாகல. கீழ உங்களுக்குத்தான் சமைச்சிட்டு இருக்காங்க. அவங்களுக்குக் கண்ணு தெரியல. நாளை மறுநாள் ஆபரேஷன். ஒரு கையெழுத்து வேணும். தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வரி எழுதினாப் போதும். திட்டணும்னா என்னைத் திட்டிக்குங்க."

 எல்லாரும் கைதட்டினார்கள். 'இளைஞர்' கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலர் சகோதரி குறிப்பேட்டில் எழுதியதைக் கரண்ட்காரர் எட்டிப் பார்த்தார்: 'உலகம் மன்னிப்புக் கேட்டது. சபை ஏற்றுக்கொண்டது.'

பிறகு தீர்மானம் வாசித்தார்கள். மணியைப் பழுதுபார்த்து, செப மணி மூன்று முறை சரியாக அடிக்கும் நாளில், சகோதரி உயிரோடு இருப்பதாகக் கருதப்படும். மணியைத் தொட மணி உபகுழுவின் அனுமதி வேண்டும். உபகுழு அடுத்த மாதம் கூடும்.

"அப்ப வியாழக்கிழமை?" என்றார் கரண்ட்காரர்.

"காலத்தின் அறிகுறிகளை அவசரப்படுத்தக் கூடாது," என்றார் பெரிய மதர். சாப்பாட்டு மணி அடிக்க வழியில்லாததால் ஒருவர் தட்டைத் தட்டினார். எல்லாரும் விருந்துக்குப் போனார்கள்.

உணவறையில் வழக்கப்படி, சாப்பிடும்போது இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார்கள். சித்தி மேசை மேசையாகச் சூப்பு ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"அவர் மௌனத்தின் மலர். ஐம்பத்தெட்டு வருஷம் தமக்கென்று எதையும் கேட்டதில்லை."

"கத்தி கேட்டேனே," என்றார் சித்தி, கரண்டியை நிறுத்தாமல்.

"உத்தரவின்றி வாசலைத் தாண்டியதில்லை. தாம் கொடுத்த வார்த்தைப்பாட்டின்படி, சாகும்வரை கீழ்ப்படிதலில் நிலைத்திருந்தார்."

சித்தியின் கரண்டி நின்றது. பெரிய மதரின் கிண்ணத்துக்கு நேர் மேலே, அரைக் கணம். பிறகு மறுபடி ஊற்றினார்.

கரண்ட்காரர் சமையலறை மூலையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சித்தி காலிப் பாத்திரத்தோடு வந்தார்.

"அழறியா?"

"இல்ல சித்தி. வெங்காயம்."

"இன்னிக்கு வெங்காயமே போடலடா." சித்தி எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எத்தனையோ வருஷமா இவங்க எல்லாரும் உலகம் மாறுது, உலகம் மாறுதுன்னு பேசறாங்க. எனக்கு எல்லாம் நிழலாத்தான் தெரியுது. மாறிச்சா இல்லையான்னு நானும் ஒரு தடவை பாக்கணும்ல?"

"கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்களே."

"வாசிச்சதைக் கேட்டியா? சாகும்வரை கீழ்ப்படியறேன்னுதான் நான் வாக்குக் குடுத்தேன். எழுத்துல இருக்கு. சாகும்வரை." சித்தி ஒரு கிழங்கை எடுத்துத் தோலைத் தடவினார். "நான் செத்தது சனிக்கிழமை. முப்பத்தோரு மடத்துக்குத் தெரியும். வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்கு வண்டியைக் கொண்டா."

வியாழக்கிழமை எட்டு மணிக்கு, ஏணி கட்டிய தன் வேனோடு கரண்ட்காரர் வாசலில் நின்றார். வாசல் சகோதரி தொண்ணூறை நெருங்கியவர். அவர் கையில் வாசல் சட்டம் என்று ஒரு சின்னப் புத்தகம். சித்தி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றதும், வாசல் சகோதரி கண்ணாடியை மாட்டிப் பக்கத்தைப் புரட்டினார்.

"உயிரோட இருக்கற சகோதரின்னா, அனுமதிக் கடிதம் காட்டி, சின்னக் கதவு வழியாப் போகணும்," என்று வாசித்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "இறந்த சகோதரின்னா, கடிதம் வேண்டாம். பெரிய கதவு ரெண்டையும் திறக்கணும்."

சித்தியை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு எது?"

"சுற்றுமடல் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு." வாசல் சகோதரி சாவிக்கொத்தை எடுத்தார். துருப்பிடித்த தாழ்ப்பாளைக் கரண்ட்காரர்தான் தோள் கொடுத்து நகர்த்த வேண்டியிருந்தது. இரண்டு கதவும் விரியத் திறந்தன. வாசல் சகோதரி முறைப்படி முழந்தாளிட்டார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. சித்தி தாண்டும்போது மட்டும், "போயிட்டு வந்து என்ன தெரிஞ்சுதுன்னு சொல்லு," என்று முணுமுணுத்தார்.

ஆஸ்பத்திரி படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் சித்தி தானே போட்டார். ஐம்பத்தெட்டு வருஷத்தில் அனுமதி கேட்காமல் அவர் செய்த முதல் காரியம் அது. கரண்ட்காரர் அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்ததோடு சரி.

அன்று ராத்திரி சித்தி கரண்ட்காரர் வீட்டில் தங்கினார். பக்கத்து வீட்டுக்காரி வந்து பெல்லை அழுத்த, மிக்ஸி ஓட, கண்ணில் கட்டோடு சித்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிக்கக் கூடாது, கண் அதிரும் என்று கரண்ட்காரரின் மனைவி அதட்டியதற்கு இன்னும் சிரித்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் வலது கண்ணின் கட்டைப் பிரித்தார்கள். இடது கண்ணை ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சித்தி தெருவைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பேருந்து, பழவண்டி, போனைப் பார்த்துக்கொண்டே கம்பத்தில் முட்டிக்கொண்ட ஒருவன், அவனைப் பார்த்துச் சிரித்த ஒரு பெண்.

"எப்படி இருக்கு சித்தி? மாறியிருக்கா?"

சித்தி திரும்பி அவரைப் பார்த்தார். "உன் முடி எங்கடா?"

அந்த நேரத்தில் கரண்ட்காரரின் போன் அடித்தது. மதர். குரலில் கலவரம். "தம்பி, சகோதரி எப்ப வருவாங்க? இங்க நேத்திலேருந்து யாரும் சரியாச் சாப்பிடல."

"எந்தச் சகோதரி மதர்?" என்றார் கரண்ட்காரர்.

மதர் போனை வைத்துவிட்டார். மடத்தில் அவர் கேட்ட கேள்விகளிலேயே இதற்குத்தான் யாரும் பிரசங்கம் செய்யவில்லை. 

"போகணும்டா," என்றார் சித்தி. "பத்து பேரும் கிழவிங்க. சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது. பாவம்."

கரண்ட்காரர் வேன் சாவியை விரலில் சுற்றினார். ஆறு நாளாக அவருக்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டியிருந்தது. மதரிடம் கேட்டார், அது அழைப்பு என்றார். ஃபாதரிடம் கேட்டார், அது சம்பவம் என்றார். ஆணைக்குழுவில் கேட்டார், கைதட்டினார்கள்.

"சித்தி, நீங்களாவது சொல்லுங்க. நான் பண்ணினது தப்பா, இல்லையா?"

"தப்புதான்," என்றார் சித்தி. "நூத்துக்கு நூறு உன் தப்பு. பச்சைக்குப் பதிலாச் சிவப்பைக் குடுத்தே. கண்ணு தெரியாத நானே சொல்லுவேன்." பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். புதுக் கண்ணால் படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அவர் கையைத் தட்டிவிட்டு, தானே இறங்கினார். கடைசிப் படியில் நின்று திரும்பினார்.

"ஆனா இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு. அது முடியற வரைக்கும், எந்த உபகுழு அனுமதி குடுத்தாலும், நீ அந்த வயரைத் தொடாதே."